பெட்டிக்குச் சொன்ன பதில்

“பள்ளிக்கு நீயே போகவில்லையா, அம்மா அனுப்பவில்லையா?”

எங்கள் சுவரில் அரசு மாட்டியிருந்த குழந்தை நலப் பெட்டி அன்று என்னைக் கேட்டது. நானே என்றால் என்னை விடுதிக்கு அனுப்பும். அம்மா என்றால் அவளை ஆறு மாதம் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பும்.

அம்மா முந்திக்கொண்டாள். “நான்தாங்க அனுப்பல. அவளே ஒரு வாயில்லாப் பூச்சி, அவளப் போயி கேக்குறீங்களே!”

“குழந்தையின் பதில் மட்டுமே ஏற்கப்படும்.”

எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடியும் எழுந்தேன். “நானாத்தான் போகல. வகுப்புல எல்லாரும் என்னையே பாக்குறாங்க. பயமா இருக்கு.”

“குழந்தை பயத்தில் வளர்ந்திருக்கிறது. தாய்க்கு ஒரு வருடம்.”

இனி அம்மா எது பேசினாலும் என்னை மிரட்டியதாகப் பதிவாகும். கொதித்த உலையை இறக்கி வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, சீர்திருத்த இல்லத்துக்குக் கிளம்பிப் போனாள்.