கடைசிக் குஞ்சு

"உங்க தையல்காரர் கூசாம புளுகறார் டீச்சர். கூட்டுல குஞ்சும் இல்லை, ஒண்ணும் இல்லை. நம்பலைன்னா நீங்களே வந்து பாருங்க."

கட்டட வேலை மேஸ்திரி போனை வைத்துவிட்டார். டீச்சருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஓய்வு பெற்றதிலிருந்து உழவாரக்குருவிகளே கதி என்று இருப்பவர் அவர். ஒரு காலத்தில் சாயங்காலமானால் வானத்தையே கீச்சுக்குரலால் நிறைத்த குருவிகள். பழைய கட்டடங்களின் கூரையிடுக்கில்தான் கூடு கட்டும். கட்டடங்களைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க இடுக்குகள் அடைபட்டன. குருவிகளும் காணாமல் போயின. மிச்சம் மீதியையாவது காப்பாற்ற டீச்சர் ஒரு குழு சேர்த்தார். அலையாய் அலைந்து, கூட்டில் குஞ்சு இருக்கும்வரை கட்டடத்தில் சாரம் கட்டக் கூடாது என்று நகராட்சியில் ஆர்டரும் வாங்கினார்.

குழுவில் ஒரே சட்டம்தான். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். 'இருந்த மாதிரி இருந்தது' என்று சொன்ன பாவத்துக்காகச் சொந்தத் தம்பியையே குழுவை விட்டுத் துரத்தியவர் டீச்சர். அப்புறம் தம்பி வீட்டோடு பேச்சுவார்த்தையே இல்லை.

குழுவில் ஒருவரான தையல்காரரிடம் கண்காணிக்க ஒப்படைத்தது, மாடியில் இருந்த அவர் கடைக்கு எதிர்க் கட்டடம். புதுப்பிக்கப் போகிறார்கள் என்று குடியிருந்தவர்கள் காலி செய்தாயிற்று. மேல்மாடியில் ஒரு குடும்பம்தான் பாக்கி. சாரம் கட்ட வரும்போது அவர்களும் கிளம்பியாக வேண்டும். மற்ற கட்டடங்களில் குஞ்சுகளெல்லாம் பறந்துவிட்ட பிறகும் தையல்காரர் மட்டும் 'இன்னும் ஒரு குஞ்சு பாக்கி' என்று சேதி அனுப்பிக்கொண்டே இருந்தார். பிளாஸ்க்கும் கையுமாக அவர் அந்த வீட்டுக்கு அடிக்கடி போய் வருகிறார், அங்கே ஏதோ வாங்கிக்கொண்டுதான் இந்தப் புளுகு என்றும் மேஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தார்.

டீச்சர் கடைக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. யாரிடமும் பேசாமல் பைனாகுலரை எடுத்துக் கூரையிடுக்கைப் பார்த்தார். கூட்டு வாயின் குறுக்கே சிலந்தி வலை பின்னியிருந்தது. தாய்க்குருவி இரையோடு வந்து போகிற கூடாக இருந்தால் வலை எப்படித் தங்கும்?

"எவ்வளவு நாளா இந்தப் பொய்?"

தையல்காரர் மிதித்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார்.

"பைனாகுலரைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்க டீச்சர்."

இறக்கினார். கூட்டுக்கு நேர் கீழே ஜன்னல். உள்ளே எலும்பும் தோலுமாக ஒருவர் கட்டிலில் கிடந்தார். அவர் மனைவி அவரை மெல்ல ஒருபக்கம் சாய்த்து, அடியில் இருந்த துணியை மாற்றிக்கொண்டிருந்தாள்.

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்களாம். கல்யாணமானதிலிருந்து அவர்கள் வாழ்ந்த அறை அது. அங்கேதான் உயிர் போக வேண்டும் என்கிறாராம் மனிதர். கட்டட முதலாளியிடம் அந்த அம்மா அழுது கேட்டாயிற்று. இரண்டு தடவை தவணை கொடுத்தவர், மூன்றாம் தடவை முடியாது என்றுவிட்டார்.

"குருவிக்கு ஆர்டர் இருக்கு டீச்சர். அவருக்கு இல்லை."

டீச்சர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. இந்தப் பொய் வெளியே வந்தால் அடுத்த வருஷம் நம் பேச்சை எவன் மதிப்பான்? இருக்கிற நாலு கூட்டையும் சிமென்ட் பூசி அடைத்துவிட மாட்டார்களா?

"தெரியும். அதை நினைச்சுத்தான் எனக்கும் தூக்கம் இல்லை" என்றார் தையல்காரர்.

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வந்து நின்றார், காதில் போனோடு. ஆட்கள் வேலை இல்லாமல் குந்தியிருக்கிறார்கள் என்று பொதுவாகப் புலம்பினார். பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டு டீச்சர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"டீச்சரே வந்திருக்காங்க முதலாளி. தம்பின்னுகூடப் பார்க்காத ஆளு. அவங்க வாயாலயே கேட்டுக்குங்க."

டீச்சர் மறுபடி பைனாகுலரைத் தூக்கினார். வலை அப்படியேதான் இருந்தது.

"குஞ்சு இருக்கு" என்றார். "இப்பதான் என் கண்ணால பார்த்தேன். அது பறந்ததும் நானே சொல்றேன். அதுவரைக்கும் யாரும் கட்டடத்துல கை வைக்கக் கூடாது."

முதலாளி ஏதோ முனகிவிட்டு, சரி என்று வைத்துவிட்டார்.

டீச்சர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தம்பியின் நினைப்பு வந்தது, வெட்கமாக இருந்தது. மேஸ்திரி எந்த நிமிஷமும் ஊரைக் கூட்டப் போகிறார் என்று காத்திருந்தார்.

மேஸ்திரி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மேல்மாடி ஜன்னலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த வலையை நான் போன வாரமே பார்த்துட்டேன் டீச்சர். இவர் சொல்றதை முதலாளி நம்பலை. நீங்க சொன்னா நம்புவார். அதான் உங்களைக் கிளப்பிவிட்டேன்."