வாசற்படி அம்மா

"அந்தம்மாவ இன்னைக்கே தீர்த்துக் கட்டிடும்மா. மத்தியானத்துக்குமேல இருக்கக் கூடாது," என்றார் ஆசிரியர், சட்டைக் காலரை இழுத்துவிட்டபடி.

துணை ஆசிரியை பதறவில்லை. வாசகர் கருத்துக் கோப்பிலிருந்து ஒருவரை நீக்கச் சொல்கிறார், அவ்வளவுதான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அந்த மாத இதழுக்கு நன்கொடை தருகிற அம்மையார் மத்தியானம் வருகிறார். வாசகர் பேச்சைக் கேட்டுத்தான் இதழ் நடக்கிறது என்று அவர் நம்பினால் இதழ் பிழைக்கும். நம்பாவிட்டால் மூடுவிழா.

ஆசிரியர் கவலைப்படவில்லை. வாசகர்கள் தொலைபேசியில் பேசிப் பதிவு செய்வார்கள், துணை ஆசிரியை அதைத் தட்டச்சு செய்வாள், இவர் 'செதுக்குவார்'. 'எழுத்து எறும்பு மாதிரி இருக்கு, கண்ணு வலிக்குது, தாள் மட்டும் வழவழன்னு நல்லாருக்கு' என்று ஒருவர் புலம்பினால், இதழில் 'வழவழன்னு நல்லாருக்கு' மட்டும் வரும்.

பெரிசா போடுங்க, பெரிசா போடுங்க என்று பலரும் கெஞ்சியபோது, மனமிரங்கித் தலையங்கத்துக்கு மேலிருந்த தன் படத்தைப் பெரிதாக்கினார். அந்த ஒலிப்பதிவுகளில் ஒன்றைக்கூட அவர் காதால் கேட்டதில்லை. ஊரெல்லாம் போய்ப் பேசுகிறவருக்குக் கேட்க ஏது நேரம்?

"இந்த வாசற்படி அம்மாவுக்கு மாசாமாசம் ஒரே பாட்டு. வயசாயிடுச்சு, பொழுது போகல," என்றார்.

"குரலக் கேட்டா வயசானவங்க மாதிரி இல்ல சார். இந்த மாசம் சொன்னத ஒருதடவ கேளுங்களேன்." அவள் படித்தாள். "'குளியலறை வாசல்ல நாலு விரல் உயரத்துக்குப் படி. சக்கர நாற்காலி ஏற மாட்டேங்குது. குளிக்கணும்னா பக்கத்து வீட்டு அக்காவக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்ல வேண்டியிருக்கு. கூசுது. ஒரு பலகையச் சரிவாப் போட்டாப் போதும். வீட்டுல சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். உங்க பத்திரிகைல வந்தா கண்டிப்பா படிப்பாங்க.'"

"இதெல்லாம் ஒரு விஷயமா? நாம உரிமையப் பத்திப் பேசறவங்கம்மா. ஒரு பலகைக்குப் போய் பக்கம் ஒதுக்க முடியுமா?" என்றவர் சட்டென்று நிமிர்ந்தார். "இரு, இரு. அந்தக் கடைசி வரி பிரமாதமா இருக்கே!"

மிச்சத்தையெல்லாம் பேனாவால் ஒரே இழுப்பாக இழுத்து அடித்தார். அரை மணியில் வரவேற்பறைச் சுவரில் ஒரு பெரிய பதாகை தொங்கியது: 'உங்க பத்திரிகைல வந்தா கண்டிப்பா படிப்பாங்க! – ஒரு வாசகி.'

அவருடைய கைபேசி அடித்தது. "மீட்டிங்ல இருக்கேன், சும்மா சும்மா கூப்பிடாத," என்று வைத்துவிட்டு, "வீட்டுலேர்ந்து. வேற வேலையில்ல," என்றார்.

அம்மையார் வந்தார். ஆசிரியர் தலையங்கத்தை எடுத்து உருக்கமாகப் படித்தார். "இந்த வலியை வீட்டிலேயே கண்டவன் நான்..." எல்லாத் தலையங்கமும் அப்படித்தான் தொடங்கும். துணை ஆசிரியை அதைத் தட்டச்சு செய்வதுகூட இல்லை, போன மாதத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடுவாள்.

அம்மையாரின் கண் பதாகையில் நின்றது. "யாருங்க இந்த வாசகி? நான் அவங்ககிட்ட பேசலாமா?"

துணை ஆசிரியை அந்தத் தாளைக் கோப்புக்குள் செருகினாள். இழுத்து அடித்த வரிகளை அந்தப் பெண் வாயைத் திறந்து சொல்லிவிட்டால் இதழும் போச்சு, வேலையும் போச்சு. ஆசிரியருக்கோ வாயெல்லாம் பல். தன்னோடு இரண்டு வார்த்தை பேசினால் எந்த வாசகியும் உச்சி குளிர்ந்துபோவாள் என்பது அவர் கணக்கு.

"தாராளமா! வாசகர்கள்லாம் எனக்குக் குடும்பம் மாதிரிங்க," என்றவர், "போடும்மா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி," என்றார்.

துணை ஆசிரியை பதிவிலிருந்த எண்ணைப் பார்த்து அலுவலகத் தொலைபேசியில் அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டாள். மணி அடித்தது. எடுத்தார்கள்.

"முதல்ல நீங்களே பேசுங்க," என்றார் அம்மையார்.

ஆசிரியர் குரலில் தேனைக் குழைத்தார். "வணக்கம்மா! ஆசிரியர் பேசறேன். உங்கள மாதிரி வாசகர்களுக்காகத்தான் இந்தப் பத்திரிகையே. உங்க குறை என்ன, தயங்காமச் சொல்லுங்க. எவ்வளவு நேரமானாலும் கேக்கறேன்."

எதிர்முனையிலிருந்து ஒரு பெண்குரல் நிதானமாக வந்தது.

"ஏங்க, வரும்போது அப்படியே அந்தப் பலகைய வாங்கிட்டு வந்துடுங்க."