முதுகளவு வெள்ளை

பிரசவ அறையின் புதுச் சன்னல் கண்ணாடி, முப்பத்திரண்டு டிகிரி சூடு ஏறினால் பாலாக வெளுத்து வெயிலைத் தடுக்கும். கொல்லிமலையில் அன்று காலை மூடுபனி. அறைக்குள் பதினேழு டிகிரி. கரண்ட் இல்லாததால் குழந்தைக்குச் சூடு தரும் வார்மர் ஓடவில்லை. பிறந்த குழந்தை சில்லிட்டுக்கொண்டிருந்தது. நர்ஸ் ஸ்டெல்லா அதைத் தாய் அம்சவேணியின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினாள்.

கட்டிலோரக் கண்ணாடி ஒரு முதுகின் அகலத்துக்கு வெளுத்தது.

“சன்னல் பக்கம் கதகதன்னு இருக்குதுங்க சிஸ்டர்,” என்றாள் அம்சவேணி.

சன்னலுக்கு வெளியே முப்பதடிப் பள்ளம்.

பதினொரு மணிக்குக் குழந்தை வீரிட்டு அழுதது. ஸ்டெல்லா தொட்டுப் பார்த்தாள், உடம்பு கதகதப்பாகியிருந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பியது. விளக்கும் எரிந்தது. வெள்ளை மட்டும் போகவில்லை.

அவள் கண்ணாடியருகே போய், “கரண்ட் வந்துருச்சுங்க. இனிப் போதுங்க,” என்றாள்.

சாய்ந்திருந்த ஒருவர் எழுந்துகொள்வதுபோல், வெள்ளை மெல்ல மேலேறி மறைந்தது.