பூ விழாத தறிகள்

குமாரபாளையத்து உஷாராணி, தறியில் சேலை டிசைன் ஓட்டும் மென்பொருள் ஒன்றை எழுதி, எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டிருந்தாள். உரிமத்தில் கறாரான ஷரத்து ஒன்று உண்டு. இந்த மென்பொருளை ஓட்டுகிறவர்கள் மேல் யார் காப்புரிமை வழக்குப் போட்டாலும், அன்றோடு அவருக்கு இதைப் பயன்படுத்தும் உரிமை போய்விடும்.

மில் முதலாளி குமரகுரு, சேலை பார்டரை மாற்றும் பகுதியைத் தாமாகவே முன்வந்து எழுதி அதில் சேர்த்துக் கொடுத்தார். பிறகு அதற்கே காப்புரிமை வாங்கி, அந்த மென்பொருளை ஓட்டிய அக்கம்பக்கத்துத் தறிக்காரர்கள் மேல் வழக்குப் போட்டார்.

மறுநாள் காலையில் அவரே போனில் கத்தினார். “என்னம்மா பண்ணி வெச்ச? என்ற தறியில சேலைக்குப் பூ டிசைனே உழுவ மாட்டேங்குது!”

யாருடைய தறியையும் நிறுத்தும் வரி ஒன்றுகூட அவள் மென்பொருளில் எழுதியதில்லை. நேரில் போய்ப் பார்த்தாள். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சிவப்பும் பச்சையுமாக நூல் உள்ளே போயிற்று. சேலை வெள்ளையாக வெளியே வந்தது. உஷாராணி அதைத் தொட்டுப் புரட்டிப் பார்த்தாள். அவர் மேலிருந்த கோபம் மட்டும் அடங்கவில்லை.

“எல்லாருக்கும்னு நீங்களே குடுத்துப்போட்டு, இப்ப தறிக்காரங்க சோத்துல மண்ணள்ளிப் போடறீங்களே, நாயமாங்க? வழக்க வாபஸ் வாங்குங்க.”

“முடியாது. கோர்ட்டுலயே பாத்துக்கறேன்” என்றார் குமரகுரு.

அவர் சொல்லி வாய் மூடவில்லை. அவருக்குப் பின்னால் அலமாரியில், போன மாதம் அதே மென்பொருளை ஓட்டி நெய்து மடித்து வைத்த சேலைகளின் பார்டர்கள், மேலடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக வெளுக்கத் தொடங்கின.