பிடரியில் மூன்று புள்ளி

ஷூவைக் கழற்ற அந்தோணிராஜ் குனிந்தபோதுதான் ஞானகுமாரி அதைப் பார்த்தாள். பிடரியில், காலருக்குச் சற்றுக் கீழே, செக்கச்செவேலென்று தடித்துக் கிடந்தது. மேலே முத்து முத்தாக நீர் கோத்த கொப்புளங்கள்.

"இன்னா தம்பி அது, கழுத்துல?"

"அதுவா அத்தே? அக்கி வந்துகீது. குயவர்கிட்ட போயி காவியால எழுதிக்கினா போயிடும்னு ரூம்ல சொன்னாங்க."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். ஞானகுமாரியோ இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள். போன மாதம் வாரப் பத்திரிகையின் டாக்டர் பதில் பகுதியில் படித்திருந்தாள். அக்கிக்கு இங்கிலீஷ் பெயர் ஹெர்பிஸாம். கண்ட இடத்துக்கும் போய்வருகிற ஆண்களுக்கு வருகிற சீக்கின் பெயரும் அதேதானாம். உடம்பில் புகுந்தால் ஆயுசுக்கும் போகாதாம்.

விடிந்தால் ஞாயிறு. கோயிலில் மூன்றாவது கல்யாண ஓலை வாசித்துவிடுவார்கள். இந்தக் கல்யாணத்துக்கு யாராவது தடை சொல்வதென்றால் அதற்குள் சொல்லியாக வேண்டும்.

அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே அரை மனசுதான். திருவேற்காட்டில் ரூம் எடுத்துத் தங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற பையன். மகள் சகாயமேரி பிடித்த பிடிவாதத்துக்காகத் தலையாட்டினாளே தவிர, இதுநாள் வரை அவனை 'மாப்ள' என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. 'தம்பி'யோடு சரி.

"மேரி, பஜ்ஜியை இறக்கிவெச்சிட்டு இங்க வா. நாளைக்கு ஓலை வாசிக்கத் தேவையில்ல. ஃபாதர்கிட்ட நானே போயி சொல்லிடறேன்."

அந்தோணிராஜ் ஒற்றை ஷூவோடு அப்படியே நின்றான்.

"இன்னாம்மா பேசறே?" கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள் சகாயமேரி. பத்திரிகையில் படித்ததை அம்மா சொல்லக் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவரு அப்படிப்பட்ட ஆளா? போன ஞாயித்துக்கிழமை ஒரு கல்யாணத்துல அன்னம்மா சித்தி பார்த்தாங்களாம். ராஜா மாட்டம் பட்டு ஜிப்பா போட்டுக்கினு, ஒருத்தர்கிட்டயும் வாய் குடுக்காம ஓரமா உக்காந்திருந்தாராம்!"

"ட்ரெஸ்ஸைப் பார்த்தா உள்ள கீற சீக்கு தெரியுமா? ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க!"

எட்மண்ட் வெறும் பனியனோடு வந்தார். முப்பது வருஷம் கம்பவுண்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். எந்தப் புண்ணாக இருந்தாலும் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லிவிடுவார். பேருக்காவது ஒரு சட்டை போட்டுக்கொண்டு வரக்கூடாதா என்று மனைவி முறைத்தாள்.

"இன்னா முறைக்கிறே? டோபி ஜானகிராமன் வந்து ரெண்டு வாரமாச்சு, என் துணி மொத்தமும் அவன்கிட்ட கெடக்குது. திருவேற்காட்டுல இருந்து சைக்கிள் மிதிச்சிக்கினு வரணும், அவனுக்கு மனசு வந்தாத்தானே?" என்றவர், அந்தோணிராஜை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி நிறுத்தினார். "எரியுதா, அரிக்குதா?"

"அரிக்குது மாமா. பிச்சி எடுக்குது."

"கொப்புளம் வர்றதுக்கு முன்னாடி குத்து வலி, எரிச்சல் ஏதாச்சும்?"

"அதெல்லாம் இல்ல."

எட்மண்ட் மனைவி பக்கம் திரும்பினார். "நல்லா கேட்டுக்கோ. அக்கின்னா முதல்ல எரியும், வலிக்கும். அப்பறமா உடம்புல ஒரு பக்கமா மட்டும் பட்டையா ஓடும், முதுகு நடுவைத் தாண்டாது. எப்பவோ வந்துட்டுப் போன அம்மையோட மிச்சம் அது. நீ படிச்சியே, அது உதட்டுல வரும், இல்ல கீழ வரும். பேரு ஒண்ணுன்னா ஆளும் ஒண்ணா? இந்தத் தெருவுல நாலு ஜோசப் இல்ல?"

"அப்போ இது படர்தாமரையா?"

"அது வட்டமா படரும். வேர்க்குருவும் இல்ல. நடு முதுகெலும்பு மேலே, ரெண்டு பக்கமும் சரிசமமா கீது பாரு. தானா வர்ற சீக்கு இப்படி அளவெடுத்து வராது." எட்மண்டுக்குக் குஷி பிறந்துவிட்டது. "தம்பி, போன வாரம் டோபி வெளுத்த துணி ஏதாச்சும் போட்டியா?"

"அது... அந்தக் கல்யாணத்துக்கு..."

"அதான் கேஸு! எந்த வீட்டுத் துணின்னு தெரியறதுக்கு, சேங்கொட்டைச் சாறுலதான் டோபி வீட்டுக்கு ஒரு குறி போடறான். அது சில பேரு தோலுக்கு ஒத்துக்காது. குறி பட்ட எடம் அப்படியே பொத்துக்கும். நாலு நாள் களிம்பு போட்டா சரியாப் போயிடும்."

சகாயமேரி கரண்டியோடு சிலுவை போட்டுக்கொண்டாள். ஞானகுமாரிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. பாவம், ஒரு நல்ல பிள்ளையை என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று மனசு குறுகுறுத்தது. முகம் மலர வேண்டிய அந்தோணிராஜ்தான் ஏனோ வெளிறிப்போய், காலரை அவசரமாக மேலே இழுத்துவிட்டான்.

"அட, இரு தம்பி, உங்க அத்தே நல்லாப் பார்க்கட்டும்." எட்மண்ட் காலரைக் கீழே இழுத்து, பாடம் நடத்துகிற மாதிரி விரலை நீட்டினார். "இதோ, பெருக்கல் குறி ஒண்ணு. பக்கத்துல வரிசையா மூணு புள்ளி. அச்சு அசலா விழுந்துகீது பாரு!"

ஞானகுமாரி கிட்டே வந்து பார்த்தாள். பெருக்கல் குறி, மூன்று புள்ளி. இருபது வருஷமாக ஜானகிராமன் கொண்டுவருகிற மூட்டையைப் பிரித்து, தன் வீட்டுத் துணிதானா என்று ஒவ்வொன்றிலும் அவள் தேடிப் பார்க்கிற அதே குறி. ஜானகிராமனும் திருவேற்காடு, இந்தப் பையனும் திருவேற்காடு.

எட்மண்டுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அவர் களிம்பு டப்பாவைத் தேடி உள்ளே போனார். அந்தோணிராஜ் தரையைப் பார்த்தபடி நின்றான். ஞானகுமாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, அவன் காதருகில் குனிந்தாள்.

"மாப்ள... மாமாவோட பட்டு ஜிப்பாவை எப்போ அனுப்பப் போறீங்க?"