தலைவர் வீட்டு சார்ஜர்

"டூப்ளிகேட் சரக்கை வித்துட்டு இந்தத் தெருவுல பொழைச்சிடலாம்னு பார்க்கறீங்களா?"

வியாபாரிகள் சங்கத் தலைவர், சார்ஜரையும் ஒரு வயரையும் செல்போன் கடை மேஜை மேல் பொத்தென்று போட்டார். சாதாரணமாகப் பேசினாலே அவர் குரல் தெருமுனை வரைக்கும் போகும். இன்றைக்கு அதற்கும் அப்பால் போனது.

அந்தத் தெருவில் இருபத்தேழு கடைகள். நடுவில் இருக்கும் பெரிய எலக்ட்ரிகல் கடை தலைவருடையது. டூப்ளிகேட் விற்று மாட்டிக்கொள்கிற கடைக்குச் சங்கத்துப் பூட்டைப் போட்டு ஒரு மாதம் மூடி வைக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்ததும் அவர்தான். பூட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

செல்போன் கடைக்காரம்மா பூட்டையும் தலைவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடை திறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. டூப்ளிகேட் கடை என்று பெயர் வாங்கி ஒரு மாதம் மூடிக் கிடந்தால், அதற்குப் பிறகு திறந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

"என்ன ஆச்சுங்க தலைவரே?"

"அரை மணியில முக்கால்வாசி ஏறிடும்னு சொல்லித்தானே நேத்து இந்த சார்ஜரை என் தலையில கட்டினீங்க? காலையில போட்டுட்டுப் போய்க் குளிச்சேன், சாப்பிட்டேன், பேப்பரை விளம்பரம் வரைக்கும் விடாம படிச்சேன். வந்து பார்த்தா பதினொண்ணுலேர்ந்து இருபத்திரெண்டுக்கு வந்திருக்கு. இதுக்குப் பேரு ஃபாஸ்ட் சார்ஜிங்கா?"

"செட்டிங்ஸ்ல ஆன் ஆகியிருக்குங்களா?"

"ஆன்லதான் இருக்கு. ஆஃப் பண்ணி மறுபடி ஆன் பண்ணினேன். போனையே ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். கவரைக் கழட்டினேன். ஓட்டையில தூசி இருக்கும்னு பல்குத்துற குச்சியால நோண்டிகூடப் பார்த்துட்டேன். இதுக்கு மேல என்ன பண்ணணும், பக்கத்துல உட்கார்ந்து தாலாட்டணுமா?"

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. அடுத்தவர் கடை வாசலில் நின்று நியாயம் பேசுவதென்றால் யாருக்குத்தான் கசக்கும்? போனுக்குக் கவர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், எடுத்ததை வைத்துவிட்டு மெதுவாக நழுவினாள்.

"நெருப்பில்லாம புகையுமா?" என்றார் செருப்புக் கடைக்காரர். காலையில்தான் இதே கடையில் ஓசியில் ஸ்க்ரீன் கார்டு ஒட்டிக்கொண்டு போனவர்.

தலைவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். மைக் ஒன்றுதான் குறை.

"மனுஷன் ஒரு பொருளை நம்பித்தான்யா வாங்கறான். அதுவும் இது கரண்ட் சமாச்சாரம். டூப்ளிகேட்டைக் குடுத்தா போன் வெடிக்கும், வீடு எரியும். தெரிஞ்சே அதை விக்கிறவன் வியாபாரி இல்ல, கொலைகாரன்!"

யாரோ கைதட்டினார்கள்.

கடைக்காரம்மா போனை வாங்கி, அதே சார்ஜரை ப்ளக்கில் மாட்டி, அதே வயரைச் செருகினார். 'சார்ஜ் ஆகிறது' என்று மட்டும் திரையில் வந்தது. ஃபாஸ்ட் என்ற பேச்சே இல்லை.

"எல்லாரும் பார்த்துக்கோங்க!" என்றார் தலைவர்.

"பேச்சே வேணாம், பூட்டைப் போடுங்க தலைவரே."

சொன்னது செருப்புக் கடைக்காரர்தான்.

"ஒரே நிமிஷம் பொறுங்க."

கடைக்காரம்மா அந்த வயரை உருவிவிட்டு, தன் மேஜையில் கிடந்த வேறு வயரைச் செருகினார். உடனே 'வேகமாக சார்ஜ் ஆகிறது' என்று வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபத்திரெண்டு இருபத்துமூன்றானது.

"சார்ஜர் நான் குடுத்ததுங்க, அதுல ஒரு குறையும் இல்ல. வயர் வேணுமான்னு கேட்டேன், வீட்டுல இருக்குன்னு சொல்லிட்டீங்க. அந்த வயர்தான் டூப்ளிகேட். மேல பெரிய கம்பெனி பேரு, உள்ள தலைமுடி மாதிரி கம்பி. எவ்வளவு நல்ல சார்ஜரைப் போட்டாலும் இதுல இவ்வளவுதான் ஏறும். சூடு வேற. தொட்டுப் பாருங்க."

தொட்ட தலைவர் கையை உதறிக்கொண்டார்.

அதற்காக அசந்துவிடுகிற ஆளா அவர்? ஏற்றிவைத்த கோபத்தை வீணாக்காமல் அப்படியே வேறு பக்கம் திருப்பினார்.

"அப்போ இந்த வயரை வித்த அயோக்கியன் எவன்? கண்டுபிடிக்காம விடமாட்டேன். நம்ம தெருக்காரனா இருந்தா ஒரு மாசம் பத்தாது, ஆறு மாசம் மூடணும். அவனால இந்தம்மா மாதிரி நேர்மையா தொழில் பண்றவங்க பேருல்ல கெடுது?"

"நான் அப்பவே நினைச்சேன்," என்றார் செருப்புக் கடைக்காரர், கூச்சமே இல்லாமல்.

"போன வாரம் என் மச்சினன்தான் இதைக் கொண்டுவந்து வீட்டுல வெச்சான். எங்க வாங்கினான்னு இப்பவே கேட்டுடறேன்," என்றார் தலைவர்.

போன் வயரோடு மேஜை மேல் இருந்தது. தலைவர் குனிந்து எண்ணை அழுத்தினார். நாலு பேர் சாட்சி இருக்கட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டார்.

"டேய், போன வாரம் வீட்டுக்கு ஒரு சார்ஜர் வயர் கொண்டுவந்தியே, அது எந்தக் கடையில வாங்கினது? பயப்படாம சொல்லு. யாரா இருந்தாலும் நான் பார்த்துக்கறேன்."

"எங்கேயும் வாங்கலையே மாமா. நம்ம கடை வாசல்ல கொத்தா தொங்குதுல்ல, அதுலேர்ந்து ஒண்ணை உருவிட்டு வந்தேன்."

தலைவருக்கு வந்த ஆத்திரத்தில் கூட்டமும் மறந்துவிட்டது, ஸ்பீக்கரும் மறந்துவிட்டது.

"அறிவிருக்காடா உனக்கு? கஸ்டமருக்கு விக்கிறதைப் போய் எவனாவது சொந்த வீட்டுக்குக் கொண்டுவருவானா?"