தவறின ஒண்டு

"இந்த ஊரில் பாதிப் பேரைத் தன் கையில் ஏந்தி எடுத்தவர் மருத்துவிச்சி றுக்கியா உம்மா! அவர் கைபட்டு இன்றுவரை ஒரு பிள்ளைகூடத் தவறியதில்லை!"

எம்.பி. சொல்லி முடிக்க, பள்ளிக்கூட மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது.

கைதட்டல் அடங்கும்போது, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"அது பொய், மகன்."

மண்டபத்தை நடுவால் பிரித்து, சேலைகளைத் தொடுத்து மறைப்புக் கட்டியிருந்தார்கள். ஆம்பிளைகளுக்கு அந்தப் பக்கம் ஆள் தெரியாது. குரல் தெரியும். றுக்கியா உம்மாவேதான்.

"ஒரு புள்ள தவறினது. இல்லையெண்டு சொல்லாதீங்க."

பொன்னாடையை விரித்துப் பிடித்த எம்.பி.யின் முகம் கறுத்துப் போனது.

"கிழவிக்குப் புகழ் செமிக்கல்ல," என்று முணுமுணுத்தார் பின்வரிசை வாங்கில் இருந்த முஹம்மது தம்பி. "விருந்துக்கு வந்த மனிசனை, ஊருக்கு முன்னால பொய்யன் எண்டிட்டா."

"வாய்க்கொழுப்பு, வேறென்ன?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மேடையில் நின்ற ஊர்ச் சங்கச் செயலாளர் சரீப்புக்கு வேர்த்துக் கொட்டியது. ஒரு பிள்ளைகூடத் தவறியதில்லை என்ற வசனத்தைக் காரில் வரும்போது எம்.பி.யின் காதில் போட்டதே அவர்தான்.

சும்மா போடவில்லை. ஊரில் பிள்ளைப்பேறு பார்க்க வாட்டு இல்லை, ஒரு கட்டில்கூட இல்லை. பெண்ணுக்கு நோவு கண்டால் துறையடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். பாதை என்கிற மிதவைப் படகில் ஏற்றி, தண்ணியைக் கடந்து, அதற்குப் பிறகுதான் திருகோணமலை ஆஸ்பத்திரி. பாதை அக்கரையில் நின்றால் அல்லாஹ்தான் துணை. மருத்துவிச்சியைப் புகழ்ந்த சூட்டோடு, அவர் பேரில் இங்கேயே ஒரு வாட்டு கட்டித் தருவதாக எம்.பி. அறிவிக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

எம்.பி. பொன்னாடையை மடித்து சரீப்பிடம் நீட்டினார். "உள்ளுக்கு அனுப்புங்கோ."

மறைப்புக்கு மேலால் ஒரு கை வந்து அதை வாங்கிக்கொண்டது.

வாட்டைப் பற்றி எம்.பி. சொன்னது ஒரே ஒரு சொல். "கவனிப்பம்."

"முடிஞ்சுது," என்றார் முஹம்மது தம்பி. "எழுபதாம் ஆண்டு எலெக்சனுக்கு முந்தி நம்மட ரோட்டையும் கவனிப்பம் எண்டுதான் சொன்னவங்க."

சாப்பாடு சரீப் வீட்டில். எம்.பி.யை விறாந்தையில் இருத்திவிட்டு, சரீப் நேரே குசினிக்குள் போனார். சாப்பாட்டுக்கு வந்திருந்த றுக்கியா உம்மா பலகையில் இருந்தார்; ஊர்ப் பொடியன்களுக்கெல்லாம் அவர் மாமி. சரீப்பின் மனைவி பல்கீஸ் சோறு அள்ளிக்கொண்டு நின்றாள்.

"என்ன வேலை மாமி செஞ்சீங்க?"

"உள்ளதைச் சொன்னன்."

"அந்தாள் இப்ப எழும்பிப் போயிடுவார். வயசு போயிட்டு, மாறிச் சொல்லிட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. மிச்சத்தை நான் பேசிக்கொள்றன். வாட்டு வந்திடும்."

"ஏலாது, மகன்."

"பொம்புளையள் துறையடியில கிடந்து துடிக்கிறது உங்களுக்குத் தெரியாதா?"

"உனக்கு முந்தி எனக்குத் தெரியும்."

"அப்ப என்னத்துக்கு இந்தப் பிடிவாதம்? எந்தக் காலத்திலயோ, ஆருடையோ ஒரு புள்ள..."

றுக்கியா உம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

பல்கீஸின் கையிலிருந்த அகப்பை சட்டிக்குள் விழுந்தது.

"மாமியை ஏசாதீங்க."

"நீ சும்மா இரி."

"இவ்வளவு காலமும் சும்மாதானே இருந்தன்? மறைப்புக்குள்ள மாமிக்குப் பக்கத்தில இருந்தது நான். ஒண்டும் தவறல்ல எண்டு எம்.பி. சொல்ல, எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டத்தான் கையைத் தூக்கினன். ஏலாமப் போயிட்டு. மாமி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டுதான் குரல் குடுத்தா."

சரீப் விறாந்தைப் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்க. நம்மட மூத்தது பிறக்கவே இல்லையா?"

சரீப் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அப்போது அவருக்குக் கொழும்பில் வேலை. தந்தி கண்டு வந்து சேர்ந்தபோது அடக்கமும் முடிந்திருந்தது. பிறகு ரெண்டு பொடியன்கள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள். எங்கே, யார் கையில் பிறந்தது என்றுகூட அவர் கேட்கவில்லை; அந்தக் கதையை எடுக்கவே இல்லை. எடுக்காவிட்டால் அவளுக்கு ஆறிவிடும் என்று நினைத்திருந்தார்.

"துறையடியிலதான் பிறந்தது, மகன்," றுக்கியா உம்மா மெல்லச் சொன்னார். "பாதை அக்கரையில நிண்டது. கொஞ்ச நேரம் என்ர கையில மூச்சு விட்டது. பேர் வைக்க நாள் தரல்ல."

வாசலில் கார் உறுமியது. சரீப் ஓடினார்.

"சேர்! கொஞ்சம் நில்லுங்க!"

"என்ன சரீப், உம்மாவுக்குப் புத்தி வந்திட்டுதோ?" என்றார் எம்.பி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"இல்ல சேர். அவ சொன்னதுதான் உண்மை. உங்களுக்குப் பொய் சொல்லித் தந்தது நான். பாதையைப் பார்த்துப் பார்த்துக் கிடந்துதான் அந்தப் புள்ள தவறினது." சரீப் காருக்கு இன்னும் கிட்டப் போனார். "அது என்ர மகள், சேர்."

சிரிப்பு நின்றது. காருக்குள் வைத்த காலை எம்.பி. வெளியே எடுத்தார்.

கதவுக்குப் பின்னால் நின்ற பல்கீஸ், புருசனின் வாயால் 'மகள்' என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டாள்.